கை ஓடவில்லை, கால் ஓடவில்லை

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. மியன்மாரின் மண்டலேயில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கீழே கடை, மேலே வீடு. 2025 மார்ச்சில் அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்து எட்டு மாதமாகிறது. அன்று மதியம் சோறு வடிக்கப் போன நேரத்தில் கட்டடம் ஆடத் தொடங்கியது. கையில் எடுத்த பானை மூடியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆறு வயது மகன் பக்கத்து அறையில் இருக்கிறான் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. மாமியார்தான் அவனை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தார். பன்னிரண்டு வயது மகள் கத்திக் கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லை. கடையில் இருந்த என் கணவர் தெருவுக்கு ஓடிவிட்டார். பிறகு அவர்தான் மேலே வந்து எங்களை இறக்கினார். எதிர் வரிசையில் இரண்டு கட்டடங்கள் விழுந்து, தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். எங்கள் ஐந்து பேருக்கும் கீறலோடு போயிற்று.

ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. வாய்ச்சண்டை வந்தால் மாமியார் "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடினவன்" என்று தன் மகனையே சொல்கிறார். ஒரு நாள் நானும் சொல்லிவிட்டேன். "நீ மட்டும் என்ன செய்தாய்? மரம் மாதிரி நின்றாய்" என்றார் என் கணவர். அன்றிலிருந்து சரியாகப் பேசிக்கொள்வதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், மாடியில் படுப்பதில்லை, மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். எனக்கோ தெருவில் லாரி போனாலும் நெஞ்சை அடைக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் வைத்து, அது ஆடவில்லை என்று பார்த்த பிறகுதான் கண்ணை மூடுகிறேன். அந்தப் பானை மூடியைப் பார்க்கவே முடியாமல் பரணில் போட்டுவிட்டேன். மகன் தூக்கத்தில் அலறினான் என்று மந்திரித்தோம். மகளால் ஒரு தொந்தரவும் இல்லை, சொல்வதற்கு முன்பே எல்லா வேலையையும் செய்துவிடுகிறாள். ஒரு தாய் இப்படி நிற்பாளா? ஒரு தகப்பன் இப்படி ஓடுவாரா? நாங்கள் என்ன மனிதர்கள்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மண்டலே

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், ஒரு தாய் அப்படி நிற்பாள். ஒரு தகப்பன் அப்படி ஓடுவார். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்களுக்கும் இது நடக்கும். அந்த ஏப்ரலில் யாங்கோனிலிருந்து உங்கள் ஊருக்கு வந்து, அரண்மனை அகழி ஓரம் தார்ப்பாய் கட்டிப் படுத்திருந்த குடும்பங்களோடு இரண்டு வாரம் இருந்தேன். ஒரே வரிசையில் மூன்று தார்ப்பாய்கள். முதலாவதில் ஓர் இளைஞன், கதவு திறக்கவில்லை என்று அதைக் குத்திக் குத்தி வீங்கிப்போன கையோடு உட்கார்ந்திருந்தான். அடுத்ததில் இருந்த பெரியவர், தான் எப்படி நாலு தெரு தாண்டி ஓடினோம் என்று தெரியாமல் விழித்தார். மூன்றாவதில் ஒரு அம்மா உங்களைப் போலவே நின்றவர். மூவரும் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்ட கேள்வி நீங்கள் கேட்டதுதான்.

நம் மொழி இதையெல்லாம் எப்போதோ பார்த்துவிட்டது. கை ஓடவில்லை கால் ஓடவில்லை என்கிறோம். விக்கித்துப் போனான், தலைதெறிக்க ஓடினான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, காது அடைத்துப் போயிற்று, வயிற்றைக் கலக்கியது என்கிறோம். இவை வெறும் உவமைகள் அல்ல. ஒவ்வொன்றும் உடம்பில் அப்படியே நடப்பது.

1915-ஆம் ஆண்டு வால்ட்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் இதை விளக்கி எழுதினார். ஆபத்து என்று பட்டவுடன் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குப் பாய்கிறது. செரிமானம் நின்றுபோவதால்தான் வாய் உலர்கிறது, வயிறு கலங்குகிறது. எதிர்த்து நில் அல்லது ஓடு என்ற இரண்டுக்கும் உடம்பு தயாராகிறது. பின்னால் வந்தவர்கள் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: உறைந்து நிற்பது, எதிரே இருப்பவருக்கு இணங்கிப் போவது. இந்த நான்கும் உங்கள் வீட்டில் இருக்கின்றன. நான்காவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

இதில் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது வரிசை. கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தி மூளையில் இரண்டு வழியாகப் போகிறது. ஒரு வழி குறுக்குப் பாதை. அது அமிக்டலா என்ற, பாதாம் பருப்பளவுள்ள ஒரு பகுதிக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. மற்றது சுற்றுப் பாதை, யோசிக்கும் மேல்மூளை வழியாக வருவது. ஜோசப் லெடூ என்ற நரம்பியல் அறிஞர் இந்தக் குறுக்குப் பாதையை ஆராய்ந்து காட்டினார். "என் மகன் எங்கே?" என்று கேட்கத் தெரிந்தது மேல்மூளை. அது வாயைத் திறப்பதற்குள் குறுக்குப் பாதை உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கணவரின் கால்கள் வாசலைத் தாண்டியபோது, பிள்ளைகளை விட்டுப் போவதா வேண்டாமா என்று அவர் எடை போட்டுப் பார்க்கவில்லை. எடை போடும் இடத்துக்கு அப்போது செய்தியே சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது. அவர் நின்றது தெருவைப் பார்த்துத் திறந்த கடை. நாலடியில் வெளிச்சம் இருந்தது, உடம்பு அதை நோக்கிப் போயிற்று.

உறைந்து நிற்பதைப் பலர் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று நினைக்கிறார்கள். அது தவறு. புதரில் சலசலப்புக் கேட்ட மானைப் பாருங்கள். தலை தூக்கி, காதை நிமிர்த்தி, ஒரு மயிரிழையும் அசையாமல் நிற்கும். வேட்டையாடும் விலங்கின் கண்ணுக்கு அசைவுதான் முதலில் படும் என்பதால் வந்த பழக்கம் அது. அந்த நேரத்தில் தசைகள் முறுக்கேறி இருக்கும், ஆனால் இதயத் துடிப்பு குறையும். வண்டியில் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தது போன்ற நிலை. மனித உடம்பும் இதையே செய்கிறது. கவனம் ஒரே புள்ளியில் குவிந்து, மற்றதெல்லாம் மங்கிப்போகும். அதனால்தான் அந்த மூடியின் சூடு உங்கள் கையில் இன்னும் இருக்கிறது, மகளின் குரல் மட்டும் இல்லை. அவள் குரலை நீங்கள் அசட்டை செய்யவில்லை. அது உங்கள் காதுக்குள் வந்தும் மனத்தை எட்டவில்லை.

ஐராவதி ஆற்றின் மேல் 1934-இல் கட்டிய ஆவா பாலம் முறிந்து விழுந்த நாள் அது. 7.7 அளவுள்ள நடுக்கம், ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தது. 3,000-க்கும் அதிகமானோரை இழந்தோம். நிலம் என்பது எதற்கும் அசையாதது என்று பிறந்ததிலிருந்து நம்பிய உடம்புக்கு, அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு இல்லை.

அப்படியானால் மாமியார் மட்டும் எப்படிச் செய்தார் என்று கேட்பீர்கள். அவருக்கு என் வணக்கம். நிலநடுக்கத்தின்போது குனி, மறைந்துகொள், பிடித்துக்கொள் என்று சொல்லித் தருகிறார்களே, அதைத்தான் அவர் செய்திருக்கிறார். ஆனால் கொஞ்சம் இடத்தையும் பாருங்கள். பேரன் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தான். மேசையும் பக்கத்தில் இருந்தது. 2012-இல் தபெய்க்ஜின் பக்கம் வந்த நடுக்கம் உங்கள் ஊரையும் ஆட்டியது. அதை நினைவில் வைத்திருக்கும் வயது அவருடையது. எங்கே நின்றோம், கைக்கு எட்டுவது எது, முன்பு என்ன பட்டிருக்கிறோம் என்பவைதான் அந்த முதல் சில நொடிகளை முடிவு செய்கின்றன. அவர் அடுப்படியிலும் நீங்கள் பிள்ளைக்குப் பக்கத்திலும் இருந்திருந்தால், இன்று இந்தக் கடிதத்தை அவர் எழுதியிருக்கலாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்கு வருகிறேன். "பிறகு அவர்தான் மேலே வந்து எங்களை இறக்கினார்" என்று எழுதி, அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். முதல் நடுக்கம் முடிந்து ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடத்தில் 6-க்கு மேற்பட்ட அளவில் இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னும் நிலம் ஓயவில்லை. எதிரே இரண்டு கட்டடங்கள் விழுந்து கிடக்கின்றன. தெருவில் நிற்பவர்கள் உள்ளே போகாதே என்று கத்தியிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு மனிதர் விரிசல் விட்ட கட்டடத்தின் படியில் ஏறி வந்திருக்கிறார். ஓடியது உடம்பு. ஏறியது அவர். யோசிக்கும் மூளைக்குச் செய்தி வந்து சேர்ந்த பிறகு அவர் எடுத்த முடிவு அது. எட்டு மாதமாக உங்கள் வீட்டில் முதல் பாதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அந்தப் படியைப் பற்றி யாரிடமாவது பேசியிருக்கிறாரா? பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மாடியில் படுக்க மறுப்பவரின் காலடியில் அந்தப் படி இன்னும் ஆடிக்கொண்டிருக்கலாம்.

அவருடைய எரிச்சலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நிலத்தோடு சண்டை போட முடியாத உடம்பு தட்டோடும் வாடிக்கையாளரோடும் சண்டை போடுகிறது. உங்களுக்கு லாரிச் சத்தம் போல அவருக்குக் கோபம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒருமுறை பெரிதாக ஏமாந்த அமிக்டலா, இனி ஏமாறக் கூடாது என்று சின்ன அதிர்வுக்கும் மணி அடிக்கிறது. பெரிய நடுக்கம் கண்ட ஊர்களில், தரை ஆடாதபோதும் ஆடுவது போன்ற தலைசுற்றல் பலருக்கும் மாதக்கணக்கில் இருக்கும். ஜப்பானியர்கள் அதற்கு ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் தண்ணீர் டம்ளரை நான் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன். மணி அடிக்கும்போது வெளியே போய் உண்மையைப் பார்த்து வர நீங்களே கண்டுபிடித்த வழி அது. இருக்கட்டும். ஒரு இரவில் எத்தனை முறை எழுந்து பார்க்கிறீர்கள் என்று மட்டும் எண்ணி வையுங்கள்.

எங்கள் அப்பத்தா 1941 டிசம்பர் 23 அன்று, இன்றைய யாங்கோனான ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தபோது சிறுமி. அவர் வயதான காலத்தில் எங்கள் வீட்டின் மேல் விமானம் பறந்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். சத்தம் போன பிறகு வெளியே வந்து, சேலையைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் சாப்பாட்டைத் தொடர்வார். நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. நாற்பது ஆண்டுகளில் ஒருவரும் அவர் அருகில் உட்கார்ந்து, "அன்று என்ன நடந்தது?" என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மந்திரித்ததைக் கொஞ்சம் தயங்கித்தான் சொல்லியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். நம் பக்கத்து வீட்டு பர்மியர்கள், மிரண்டவரின் உயிர்வண்ணத்துப்பூச்சியாகிய லெய்ப்யா பறந்துபோய்விட்டது என்பார்கள். நாம் திருநீறு போட்டுச் சுற்றிப் போடுகிறோம். வீட்டுப் பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் வைத்து, நெற்றியைத் தடவி, இனி ஒன்றும் வராது என்று சொல்வது அவன் உடம்புக்கு நல்லதுதான். அவனை இன்னும் பயமுறுத்தும் சடங்கு கூடாது, அதை வைத்து மருத்துவரைத் தள்ளிப்போடவும் கூடாது.

இப்போது மகள். "தொந்தரவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைத் தூங்கவிடாதது இந்த வரி. பன்னிரண்டு வயதுப் பெண் எட்டு மாதமாக ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை, சொல்வதற்கு முன்பே செய்கிறாள் என்றால், அவள் வீட்டில் எந்த நேரமும் காற்றை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். அன்று கூப்பிட்டாள், யாரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பெரியவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதைத் தினமும் கேட்கிறாள். யாரும் கோபப்படாமல் பார்த்துக்கொண்டால் வீடு விழாது என்று அவள் உடம்பு ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். இணங்கிப் போவது என்று சொன்னேனே, அது இதுதான். பெண்பிள்ளைகளிடம் இதைப் பொறுப்பு என்று பாராட்டிவிடுகிறோம், அதனால் யார் கண்ணிலும் படாமலே போகிறது. அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: "நீ கூப்பிட்டது அன்று எனக்குக் கேட்கவில்லை. பயத்தில் என் காது அடைத்துவிட்டது. கேட்டிருந்தால் வந்திருப்பேன். நீ கூப்பிட்டது சரிதான்." இதைச் சொல்லும்போது அழுகை வந்தால் அழுங்கள். அவளை அழச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, போய் விளையாடு என்று அனுப்புங்கள்.

கணவரிடம் பேசுவது இதைவிடக் கடினம். சண்டை நடக்கும்போது வேண்டாம். கடை சாத்திய பிறகு, கீழேயே, அவருக்குப் பழகிய இடத்தில் உட்காருங்கள். "ஏன் ஓடினீர்கள்?" என்று தொடங்காதீர்கள், அதற்கு அவரிடமே பதில் இல்லை. "நீங்கள் படி ஏறி வந்தபோது எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் உங்கள் மூடியின் கதையை நீங்கள் சொல்லுங்கள். மாமியாரிடமும் ஒருமுறை தனியாக, மரியாதையோடு, "அத்தை, அந்த வார்த்தை இனி வேண்டாம். பிள்ளைகள் கேட்கிறார்கள்" என்று சொல்லிவிடுங்கள். அன்று பேரனைக் காப்பாற்றியவர் அவர், இதையும் செய்வார்.

உடம்புக்கு என்ன செய்வது? நெஞ்சு அடைக்கும்போது இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்கட்டும். கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள்: அரிசி மூட்டை, தராசு, நாட்காட்டி என்று. யோசிக்கும் மூளையை மெல்லத் திரும்ப அழைப்பதற்கு இது உதவும்.

"மறுபடி வந்தால் மறுபடி நிற்பேனோ" என்ற பயமும் உங்களுக்குள் இருக்கும். அதற்குப் பழக்கம்தான் மருந்து. அந்த நொடியில் உடம்பு புதிதாக யோசிக்காது, முன்பே செய்து பழகியதைச் செய்யும். 1923-இல் பெரும் நிலநடுக்கம் கண்ட ஜப்பானில் ஒவ்வோர் ஆண்டும் அதே செப்டம்பர் 1-ஆம் தேதி பயிற்சி செய்கிறார்கள். நீங்கள் மாதம் ஒரு முறை விளையாட்டுப் போலச் செய்யுங்கள். மகன் மணி அடிக்கட்டும், ஆளுக்கொரு மேசை, தலையை மூடிக்கொள்ளுங்கள். பிறகு எங்கே கூடுவது என்று ஓர் இடம் குறித்துவையுங்கள். கட்டிலுக்கு அடியில் செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும். கணவரையும் இதில் சேருங்கள், படியில் வழிகாட்டுவது அவர் வேலையாக இருக்கட்டும்.

ஆனால் இவற்றோடு நிறுத்திவிட வேண்டாம். நடந்தது கண்முன் வருவது, அதை நினைவூட்டும் பொருளைத் தவிர்ப்பது, தூக்கம் கெடுவது, எந்நேரமும் விழிப்பாக இருப்பது ஆகியவை ஒரு மாதத்துக்குள் தணிந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். உங்களுக்கும் அவருக்கும் எட்டு மாதமாகிவிட்டது. மண்டலேயிலேயே மனநல மருத்துவமனை இருக்கிறது, இருவரும் சேர்ந்து போங்கள். பயந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் சிறிது சிறிதாக எடுத்துப் பார்த்து ஆற்றும் பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன, அவை நன்றாகவே பலன் தருகின்றன. கடையில் வாங்கும் தூக்க மாத்திரை இந்தப் புண்ணை ஆற்றாது, பழகிப்போனால் விடுவதும் கடினம். அதே சமயம் பல வாரமாகச் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். யாராவது "நான் போயிருந்தால் நன்றாயிருக்கும்" என்கிற மாதிரிப் பேசினால், அன்றே போங்கள், காத்திருக்காதீர்கள்.

அந்தப் பானை மூடி பரணிலேயே இருக்கட்டும், இப்போதைக்கு இறக்க வேண்டாம். சிகிச்சையில் அதற்கும் ஒரு நாள் வரும். எனக்கு நீங்கள் மறுபடி எழுத வேண்டியது வேறொன்றைப் பற்றி. உங்கள் மகள் ஏதோ ஒரு வேலையைச் சொன்னதற்கு "மாட்டேன், போம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிய அன்று, மறக்காமல் எழுதுங்கள்.